மாரிகாலத்து வன்னி வழி

யாழ்ப்பாணத்தாருக்குக் குளிர்காலம் என்பது ஒரு சால்வையளவு விஷயம். மார்கழி பிறந்தால் விடியற்காலையில் கோயிலுக்குப் போகின்றவர்கள் தலையைச் சுற்றி ஒரு துவாயைக் கட்டிக்கொள்வார்கள். முதியவர்கள் காதிலே பஞ்சு வைத்துக்கொள்வார்கள். வீட்டிலே வேர்க்கொம்பும் மல்லியும் மணக்கும். வெப்பமானி 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதே அரிதான ஒரு நாட்டில் குளிரைப்பற்றிப் பேசுவது துருவ நாடுகளில் வாழ்வோருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் குளிரின் கொடுமை பாகைக் கணக்கில் மாத்திரம் தங்கியிருப்பதன்று. 2022 டிசெம்பரில், வங்கக் கடலில் மாண்டஸ் புயல் எழுந்த நாட்களில், மழையோடு சேர்ந்து வீசிய வாடைக்காற்றைத் தாங்கமாட்டாமல் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. தரவைகளிலே கூரையின்றி நின்ற மாடுகள் நின்ற இடத்திலேயே விறைத்து வீழ்ந்தன. அந்தச் செய்தியை வாசித்தபோதுதான், எங்கள் மாரியும் ஒரு மாரிதான் என்பது பலருக்கு உறைத்தது.

ஆனையிறவைக் கடந்தால் வன்னி. இலங்கைக்கு அது வடக்கு, எங்களுக்கோ தெற்கு. அடங்காப்பற்று என்று பழையோர் வழங்கிய அந்நிலத்துக்கு மாரிகாலத்தில் யாழ்ப்பாணத்தார் விரும்பிப் போவதில்லை. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போவார்கள். கோடையில் பாலைப்பழம் பழுக்கும் காலத்திற் போவார்கள். மாரியில் வன்னி என்றால் வெள்ளம், விஷஜந்து, காய்ச்சல். இவற்றுள் காய்ச்சலே முதன்மையானது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, குட்டைகளில் நீர் தேங்கி நிற்கும் மார்கழி, தை மாதங்களே வறண்ட வலயத்தில் மலேரியா தலைவிரித்தாடிய மாதங்கள். காட்டுக்குள்ளே கட்டு உடைந்த குளங்கள் இத்தனை கிடப்பதற்கும், குளம் இருக்கும் இடத்தில் ஊர் இல்லாதிருப்பதற்கும் போர்களைக் காரணமாகச் சொல்வோர் உளர், பாதி உண்மைதான். மறுபாதியை நுளம்பு செய்தது.

என் தந்தையாரைக் கொண்டுபோனதும் அந்தக் காய்ச்சலே. 1995 அக்டோபர் 30 ஆம் நாள் இரவு, கொட்டும் மழையில் வலிகாமமே பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததை அறியாதவர் எங்கள் பக்கத்தில் இல்லை. அந்தச் சனத்துள் நாங்களும் இருந்தோம். சில மாதங்கள் தென்மராட்சியில் இருந்து, பின்னர் கிளாலிக் கடலேறி வன்னிக்குப் போய், துணுக்காய்க்கு அப்பால் ஒரு சிறுகுளத்தின் கரையிற் கொட்டில் போட்டோம். ஆசிரியராகிய தந்தையார் அங்கே ஒரு பாலை மரத்தின் கீழ்ப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடஞ் சொன்னார். 1997 தை மாதத்தில் அவர் காலமானார். 2002 இல் பாதை திறந்ததும் நாங்கள் ஊர் திரும்பினோம். அதன் பின்னர் அம்மா அந்தத் திக்கை எட்டியும் பார்க்கவில்லை. அவரை விட்டுவிட்டு நான் மாத்திரம் போய்வருவதற்கும் மனம் ஒருப்படவில்லை.

இப்படியிருக்க, சென்ற மார்கழியில் நாங்கள் புறப்பட்டதற்குக் காரணகர்த்தா கனடாவிலுள்ள என் தமையனார். எட்மன்டன் நகரிலே வாழும் அவர், அதற்கு முந்திய குளிர்காலத்தில் மனைவியையும் பிள்ளைகளையும் மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் வடக்கே, யூக்கோன் பிரதேசத்து வைற்ஹோர்ஸ் நகர் வரை போய்வந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல், அமெரிக்க இராணுவத்தினர் எட்டு மாதங்களுக்குள் காடு வெட்டித் திறந்த அலாஸ்காப் பெருந்தெருவே அந்த வழி. இரவிலே வண்டியின் இயந்திரம் உறைந்துபோகாமலிருக்க அதனை மின்சாரத்திற் கொழுவிவிட்டுத்தான் உறங்கவேண்டுமாம். வழியில் வண்டி நின்றுபோனால் உயிர் பிழைப்பதற்கென்று மெழுகுதிரியும் கம்பளியும் வைத்திருப்பார்களாம். இவையெல்லாவற்றையும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “அவன் பனிக்குள்ளாலை பிள்ளையளைக் கொண்டு போயிட்டு வாறான். என்னை இந்த மாரிக்கு அப்பாவின்ரை இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போ” என்றார். எழுபத்தாறு வயதில் அவர் கேட்ட ஒன்றுக்கு மறுமொழி என்ன இருக்கிறது?

அம்மா, என் மனைவி, பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள், நாலாம் வகுப்பில் படிக்கும் மகன், பரந்தனைச் சேர்ந்த இளைஞரான சாரதி, நான்: ஆறு பேர். திருவெம்பாவைச் சங்கொலி ஒழுங்கைகளிற் கேட்டுக்கொண்டிருந்த நேரத்திலே புறப்பட்டோம்.

வன்னிக்குள் நுழைய ஆனையிறவு ஒன்றே வாசல் என்று எண்ணுவோர் மேற்கு வழியையும் ஒருமுறை பார்க்கவேண்டும். நாவற்குழியில் திரும்பித் தனங்கிளப்பு, கேரதீவு என்று போனால் இருபுறமும் கடனீரேரி விரியும். மாரியில் அந்த ஆழமற்ற நீர் வெளிநாட்டுப் பறவைகளின் சத்திரம். ஊசிவால் வாத்துக்கள் கூட்டங் கூட்டமாக மிதந்தன. அப்பால் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. மகன் அதைச் சேற்றின் நிறமென்றே எண்ணினான். கோடு எழுந்து பறந்தபோதுதான் பூநாரைகள் என்று கண்டான். வடக்கே உறைபனிக்குத் தப்பி வாத்துக்கள் இங்கே குளிர்காய வருகின்றன. நாமோ இதே காற்றுக்குக் காதைப் பொத்துகிறோம்.

கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையில் இப்போது பாலம் இருக்கிறது. 2011 ஜனவரியில் அது திறக்கப்படும் வரையில் அவ்விடத்தை மிதவையிலேதான் கடக்க வேண்டும். அந்த மிதவைக்கு எங்கள் ஊர்ப்பெயர் ‘பாதை’. அம்மா, “முந்தி இஞ்சை பாதையிலைதான் போறது” என்று சொல்ல, மகன், “இப்பவும் பாதையிலைதானே அப்பம்மா போறம்?” என்றான். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு சொல்லும் அவனைத் திகைக்க வைத்தது. வழியில் ஒருவர் எங்களை மறித்து, “அங்காலை குளம் வான் பாயுது, பார்த்துப் போங்கோ” என்றார். குளம் நிரம்பி மேலதிக நீர் வழிகின்ற வாயிலுக்கு வன்னியில் ‘வான்’ என்று பெயர். நாங்கள் ஏறியிருந்ததும் வான். மேலே கறுத்திருந்ததும் வான். குளம் எதன்மேற் பாய்கிறது என்று பிள்ளை கேட்டதில் வியப்பில்லை. துருசு, வான், அலைகரை, முறிப்பு, மோட்டை, மடு, தரவை என்று நீரையும் நிலத்தையும் அறிந்து வைத்த சொற்கள் அந்த நிலத்தில் ஏராளம். எங்கள் பாடநூல்கள் இவற்றுள் எத்தனையைக் கண்டிருக்கின்றன என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பூநகரிக் கோட்டையின் எஞ்சிய சுவர்களைப் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பினோம். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டை அது; இன்று அதனுள்ளே பற்றைகள் ஆட்சி செய்கின்றன. பல்லவராயன்கட்டை அணுகும்போது காடு நெருங்கி வந்தது. பாலை, வீரை, முதிரை, இடையிடையே கருங்காலி. கோடையிலே தூசு படிந்து சாம்பல் நிறமாய் நிற்கும் இம்மரங்கள் மாரியிற் கழுவி வைத்தாற்போலப் பளபளக்கும். ஈரத்தாற் கறுத்த பாலையின் அடிமரம் யானையின் கால்போலத் தோன்றும். தோகை நனைந்த மயில்கள் பறக்கமாட்டாமல் வீதியோரத்திலே குந்தியிருந்தன. முழங்காவில், நாச்சிக்குடா, வெள்ளாங்குளம் என்று ஊர்கள் வந்து போயின. ஊருக்கும் ஊருக்கும் இடையே மனிதர் இல்லை.

வெள்ளாங்குளத்தில் உள்நோக்கித் திரும்பிய பின்னரே வான் பாய்கின்ற இடம் வந்தது. தாழ்ந்த பாலமொன்றின் மீது செந்நீர் முழங்காலளவு ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் ஓரக்கற்கள் மறைந்துவிட்டன. இருட்டுமுன் மல்லாவிக்குப் போய்ச் சேரவேண்டும். திரும்பினால் மீண்டும் பூநகரி வரை போகவேண்டும். நாங்கள் யோசித்து நிற்கையில், அவ்வூரவர் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கம்புடன் முன்னே இறங்கினார். அவர் கம்பால் ஓரத்தைத் தட்டித் தட்டி நடக்க, வண்டி அவருக்குப் பின்னால் ஊர்ந்தது. அம்மா மகனின் மணிக்கட்டைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தார். அக்கரையில் நான் நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை. “திரும்பி இந்த வழியாலை வராதேங்கோ ஐயா, இரவைக்கு இன்னும் ஏறும்” என்று மாத்திரம் சொன்னார்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் இந்தக் காட்டை மாட்டுவண்டியிற் கடந்தவர்களை அப்போது நினைத்தேன். பின்னாளில் ஆங்கில இலக்கிய உலகிற் பேரெடுத்த லெனார்ட் வூல்ஃப், 1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு உத்தியோகம் ஏற்க வந்தபோது புகையிரதப் பாதை முற்றுப்பெற்றிருக்கவில்லை. அநுராதபுரத்திலிருந்து ஆனையிறவு வரையில் தபால் வண்டி என்ற பெயர்கொண்ட மாட்டுவண்டியிலே அவர் வன்னிக் காட்டினூடாக வந்தார். அந்த அனுபவத்தை 1961 இல் வெளியான தம் சுயசரிதைப் பாகத்தில் எழுதியிருக்கிறார். அவருடன் வோல்டேயரின் நூற்றொகுதியும் ஒரு நாயும் வந்தன. எங்களுடன் ஒரு பெட்டி பால்மாவும் நுளம்புவலையும்.

மல்லாவியிலே உறவினர் வீட்டில் தங்கிய அன்றிரவு மகனுக்கு உடம்பு காய்ந்தது.

நகரத்துப் பிள்ளை நனைந்தான், காய்ச்சல் வந்தது. வேறொன்றுமில்லை என்று என் மனைவி சொன்னாள். அம்மாவுக்கு அது எட்டவில்லை. பிள்ளைக்கு நடுக்கம் இருக்கிறதா, எந்த மணிக்கு வந்தது, வியர்த்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். விளக்கை அணைக்க விடவில்லை. வலையின் நான்கு மூலைகளையும் பாயின் கீழே செருகிவிட்டு, வெளியே சுவரோடு சாய்ந்திருந்தார். 1997 இலும் அப்படித்தான் இருந்தார். அப்போது மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம். ஜாம்போத்தலுக்குள்ளே சிறிது பஞ்சும் சில துளி எண்ணெயுமாக எரியும் விளக்கின் வெளிச்சத்தில் தந்தையாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கும் பஞ்சமான காலம் அது. குளிசை கிடைத்த நாளில் மூன்று மைல் நடந்து வாங்கி வந்தது நான். அது மூன்றாம் முறை வந்த காய்ச்சல்.

இந்த நோயின் வரலாறு விசித்திரமானது. 1934, 35 ஆண்டுகளில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற மலேரியா, டீ.டீ.ரீ. தெளிக்கத் தொடங்கிய பின்னர் படிப்படியாக ஒடுங்கி, 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேரிடத்து மாத்திரம் காணப்பட்டது. வென்றுவிட்டோம் என்று கையைத் தளர்த்தினார்கள். 1960 களின் இறுதியில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை அது மீண்டும் பிடித்தது. பின்னரும் ஐம்பதாண்டு காலம் போராடி, 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. விடிந்ததும் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். இரத்தத்தையும் சோதித்தார்கள். சாதாரணத் தடிமன் காய்ச்சல். இளம் வைத்தியர், “அம்மா, இப்ப இந்த நாட்டிலை மலேரியா இல்லை” என்று சிரித்துக்கொண்டு சொன்னார். “தெரியும் பிள்ளை. பேப்பரிலை பார்த்தனான்” என்றார் அம்மா. வெளியே வந்து வாங்கிலிருந்தபடி அந்தச் சோதனைத் துண்டைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை வாசித்தார்.

மகனின் சூடு தணிந்தபின், முற்பகலில் அந்தக் குளக்கரைக்குப் போனோம். கடைசி ஒரு மைலும் நடை. கண்ணிவெடி அகற்றிய பகுதிதானா என்று விசாரித்த பிறகே அடி வைத்தோம். வன்னியில் இது இன்றும் அறிந்தோர் செய்யும் காரியம். எங்களுக்கு வழிகாட்டிய முதியவர் அம்மாவை ‘அக்கா’ என்று விளித்துப் பேசிக்கொண்டு வந்தார். நாற்பது குடும்பங்கள் கொட்டில் போட்டிருந்த இடம் காடாகிவிட்டது. கம்புகளும் கிடுகும் கறையானுக்குப் போய்விட்டன. பழைய வன்னியூர்கள் காட்டுக்குள் எவ்வாறு மறைந்தனவென்று ஏடுகளில் வாசித்திருக்கிறேன். நான் இருந்த ஊரே அப்படி மறைந்து கிடந்ததை அன்றுதான் கண்டேன். காட்டுக்குரியனவல்லாத ஒரு முருங்கையும் ஒரு தேசியும் நின்றன. அவற்றைக் கொண்டு அம்மா எங்கள் வளவைக் கண்டுபிடித்தார். கிணறு தூர்ந்து, நடுவிலே ஒரு பள்ளம் மாத்திரம். பாலை நின்றது. நான் நினைத்து வைத்திருந்ததிலும் அது பருத்திருந்தது.

அம்மா அதனடியிற் கற்பூரம் கொளுத்த முயன்றார். ஈரக்காற்றில் மூன்று முறை அணைந்தது. முதியவர் தம் இரு கைகளையும் குவித்து மறைத்தபின் பற்றிக்கொண்டது. பிறகு அம்மா பேத்தியை அருகில் அழைத்து, “உங்கடை அப்பப்பா இந்த வேரிலைதான் இருந்து படிப்பிச்சவர். கடைசிக் கிழமையிலும் படுத்துக்கொண்டு கொப்பி திருத்தினவர். இருபத்தெட்டுக் கொப்பி. திருத்தி முடிஞ்ச கொப்பியளை வீடு வீடாய்க் கொண்டு போய்க் குடுத்தது நான்தான், எட்டுக்குப் பிறகு” என்றார். எட்டுச் செலவுக்குப் பின் அவர் தனியே எங்கே போய்வந்தார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. மகள் மரத்தின் பட்டையிலே கையை வைத்துக்கொண்டு நின்றாள். ‘எல்லாருக்கும் எத்தனை புள்ளி போட்டவர்?’ என்று அவள் கேட்டதற்கு, “ஒருத்தருக்கும் பெயில் இல்லை” என்று அம்மா சொன்னார். திரும்பும்போது அவர் முதியவரிடம் காலபோக வெள்ளாண்மை எப்படியென்று விசாரித்துக்கொண்டு நடந்தார்.

மாங்குளத்தில் ஏ-9 வீதியை அடைந்ததும், கிழக்கே திரும்ப வேண்டிய எங்கள் சாரதி ஒரு வார்த்தையும் கேளாமல் வடக்கே திருப்பினார். முறிகண்டிப் பிள்ளையாருக்குக் காட்டாமல் வன்னிக்குள் ஒரு நாள் ஓடியதே அவருக்குப் பெருங்கவலையாக இருந்ததாம். அந்தச் சிறு கோயிலின் முன் நிறுத்தாமற் போகும் வாகனம் அரிது. தேங்காய் உடைத்தோம், சுடச்சுடக் கச்சான் வாங்கினோம், மீண்டும் மாங்குளம் வந்தோம். பெற்றோல் விலையை எண்ணி நான் முணுமுணுத்ததை அம்மா கவனிக்காததுபோல் இருந்தார்.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். வழியில் கற்சிலைமடு. 1803 ஆகஸ்டிலே முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டாரவன்னியன், அதே ஆண்டு அக்டோபர் 31 ஆம் நாள் இங்கே காப்டன் வொன் டிறிபேர்க்கின் படையால் முறியடிக்கப்பட்டான் என்பதற்கு நடப்பட்ட கல்லினால் அறியப்பட்ட இடம். அடுத்தது ஒட்டுசுட்டான். குரக்கன் அறுத்த ஒட்டைச் சுட்டபோது தோன்றிய இலிங்கம் என்று தான்தோன்றீஸ்வரருக்கு ஐதிகம். ஊர்ப்பெயரே அதற்குச் சாட்சி. இந்தப் பக்கத்துத் தண்ணிமுறிப்பைக் களமாக வைத்தே அ. பாலமனோகரன் 1973 இல் ‘நிலக்கிளி’ நாவலைத் தந்தார். வன்னிக் காட்டையும் அதன் மனிதரையும் யாழ்ப்பாணத்து வாசகன் வீட்டிலிருந்தபடியே அறிந்துகொண்டது அந்நூலால். மாணவர்கள் அதனைப் படித்துவிட்டு இவ்வழியே போகவேண்டுமென்பது என் விருப்பம். மாறிச் செய்தாலும் நட்டமில்லை.

ஒட்டுசுட்டானைத் தாண்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஆறுமணிக் குருவி காட்டுக்குள்ளிருந்து இருதரம் கூவியது. இமயத்தின் அடிவாரத்திலிருந்து மாரிக்கு இங்கே வரும் விருந்தாளி அது. சிறிது தூரத்தில் வீதியிலே ஆவி பறக்கும் சாணம். சாரதி வேகத்தைக் குறைத்தார். வளைவிலே அலியன் ஒன்று வீதிக்குக் குறுக்கே நின்றது. அவர் இயந்திரத்தையும் விளக்கையும் நிறுத்தினார். மழைத்தூறலும் எங்கள் மூச்சும் தவிர வேறு சத்தமில்லை. யானை எங்களைப் பார்த்ததா என்பதுகூட விளங்கவில்லை. வீதியோரப் புல்லைப் பிடுங்கி, முன்காலில் அடித்து மண்ணை உதறி உதறித் தின்றது. தொலைவில் எவரோ யானைவெடி கொளுத்தினார்கள். கதிர் முற்றும் காலம், பரணிலே காவல் இருப்பார்கள். 2023 இல் மாத்திரம் இலங்கையில் 470 க்கு மேற்பட்ட யானைகளும் ஏறத்தாழ 180 மனிதர்களும் இந்தப் பகையில் மாண்டிருக்கின்றனர். வெடிச் சத்தத்தில் யானை காதை விரித்து நிமிர்ந்தது. வண்டியை நோக்கி நாலடி வைத்தது. என் மனைவி மகனின் வாயைப் பொத்தினாள். பின்னர் என்ன நினைத்ததோ, பக்கத்துக் காட்டுக்குள் இறங்கிவிட்டது. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு கொப்பும் முறியாமல் மறைந்ததை இப்போது நினைத்தாலும் நம்ப முடியவில்லை.

முல்லைத்தீவிலே இரவு தங்கி, மூன்றாம் நாள் பரந்தன் வழியாகத் திரும்பினோம். நந்திக்கடலின் மேல் மழைப்புகார். வட்டுவாகலைக் கடந்து முள்ளிவாய்க்காலில் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். 2009 மே மாதத்தில் அந்த மணலிலே மாண்டவர்களுள் எங்கள் உறவினரும் உண்டு. எல்லோரும் இறங்கி மழையில் நின்றோம். பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை.

முரசுமோட்டையருகே கனகராயன் ஆறு கரைமுட்டப் போய்க்கொண்டிருந்தது. இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்திருக்கிறார்கள் என்று சாரதி சொன்னார். மகன் மாத்திரம் உற்சாகமாக, “வான் பாயுது” என்றான். ஆனையிறவு வெளியை அடைந்தபோது காற்று வண்டியைத் தள்ளிப் பார்த்தது. அப்போது கனடாவிலிருந்து தமையனார் தொலைபேசியில் வந்தார். அங்கே பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையாம். அம்மா தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

“ஓம் ராசா, போனனாங்கள். மரம் நிக்குது. கிணறு தூர்ந்துபோச்சு. தேசி காய்ச்சிருக்கு, ஒரு பை நிறையக் கொண்டு வாறன். நீ வாறதெண்டால் மாரியிலை வா, கோடையிலை வந்து என்னத்தைப் பாக்கிறது?”